மலையேறாத ஒலிவாங்கி

சென்ற மார்கழியில் சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குத் தனியே காரோட்டிச் சென்று வந்தோம். 'நாம்' என்பது எழுத்து வழக்கு. வண்டியில் இருந்தவர் ஒருவரே. துணைக்கு மிசிசிப்பி டெல்டாவின் ப்ளூஸ் பாடகர்கள் இருந்தனர்: சார்லி பேட்டன், ராபர்ட் ஜான்சன், மடி வாட்டர்ஸ். என்றேனும் ஒருநாள் அமெரிக்கத் தெற்கின் 61-ஆம் எண் நெடுஞ்சாலையில், கிளார்க்ஸ்டேல் போன்ற சிற்றூர்களினூடே இப்படித் தனியே போகவேண்டும் என்ற ஆசை நமக்கு நெடுநாளாக உண்டு. அது கைகூடும்வரை கைக்கெட்டிய மலை போதும் என்று புறப்பட்டோம்.

மலையடிவாரத்தை நோக்கிச் செல்லும் ஏற்காடு சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸின் நுழைவு வளைவு இன்றும் நிற்கிறது. 1935-இல் டி.ஆர்.சுந்தரம் தொடங்கிய நிறுவனம். நூற்றுக்கும் மேற்பட்ட படங்களை எடுத்துத் தள்ளியது. சாலையோரம் வண்டியை நிறுத்தி அந்த வளைவைப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஓர் எண்ணம் எழுந்து, பிறகு மலை முழுவதும் நம்மைத் துரத்தியது.

பேட்டன் டாக்கரி பருத்திப் பண்ணையில் வாழ்ந்தவர். 1929-இல் அவர் குரலை இசைத்தட்டில் ஏற்றிய நிறுவனத்துக்குக் கலைத்தாகம் ஏதுமில்லை. கறுப்பின மக்கள் இசைத்தட்டு வாங்குவார்கள் என்ற கணக்குதான். 1941-இல் ஆலன் லோமாக்ஸும் ஜான் வொர்க்கும் கனத்த பதிவுக் கருவியோடு ஸ்டோவல் பண்ணைக்குப் போய், அங்கே டிராக்டர் ஓட்டிக்கொண்டிருந்த மடி வாட்டர்ஸைப் பதிவு செய்தார்கள். வணிகமோ ஆர்வமோ, ஏதோ ஒன்று ஒலிவாங்கியைப் பண்ணைக்காரனின் வாயருகே கொண்டுபோனது. அதே ஆண்டுகளில் இங்கே, காப்பித் தோட்டங்களிலிருந்து முப்பது கிலோமீட்டர்கூட இல்லாத தொலைவில், தென்னிந்தியாவின் பெரிய படப்பிடிப்புத் தளங்களுள் ஒன்று இயங்கியது. அதன் ஒலிவாங்கி நாடக மேடையின் பக்கம் திரும்பியிருந்தது. மலையின் பக்கம் திரும்பவில்லை என்பதே நம் குறை.

இருபது கொண்டைஊசி வளைவுகள் ஏறினால் ஊர். 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் இங்கே காப்பியைக் கொண்டுவந்தார். துரைமார் வைத்த பெயர்கள் இன்னும் பலகைகளில் இருக்கின்றன: லேடீஸ் சீட், ஜென்ட்ஸ் சீட், பகோடா பாயிண்ட். உட்கார்ந்து வேடிக்கை பார்த்தவர்களின் பெயர்கள். இந்த மலையின் பழங்குடியினருக்கு மலையாளிகள் என்று பெயர். கேரளத்தாரல்லர், தமிழே பேசுபவர்கள். தம் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்பது அவர்களின் மரபுக்கதை. உச்சியில் குகைபோன்ற தாழ்ந்த கோயிலுக்குள் சேர்வராயனும் காவேரியும் இருக்கிறார்கள். கடல்மட்டத்திலிருந்து 1,600 மீட்டருக்கு மேலே, குனிந்துதான் உள்ளே போகவேண்டும். இத்தனையும் இருக்க, 'ஏழைகளின் ஊட்டி' என்ற அடைமொழியால் இந்த ஊரை அழைப்பதைப்போல் சோம்பலான செயல் வேறில்லை.

ஒரு தோட்டத்தின் வேலியோரம் பழம் பறித்துக்கொண்டிருந்த பெண்களிடம், கூச்சத்தோடுதான், வேலை நேரத்துப் பாட்டு ஏதும் உண்டா என்று கேட்டோம். மூத்தவர் சிரித்தார். "பாட்டா சார்? வாய் ஆடினா கை நின்னுடும்னு மேஸ்திரி சொல்லுவாரு. எங்கம்மா பாடும். எனக்கு ரெண்டடிதான் ஞாபகம்." அந்த இரண்டடியையும் அவர் பாடவில்லை. பக்கத்துச் செடியிலிருந்த இளம்பெண்ணின் இடுப்பில் கைப்பேசி இளையராஜாவைப் பாடிக்கொண்டிருந்தது. அதைச் சீரழிவென்று எழுத நமக்கு மனம் வரவில்லை. காதில் விழுந்ததையெல்லாம் எடுத்துக்கொண்டு தனதாக்கியதுதான் ப்ளூஸும்.

டெல்டாவையும் சேர்வராயனையும் ஒரே தட்டில் வைக்கிறோம் என்று யாரும் எண்ணவேண்டாம். அங்கே அடிமைமுறையின் வடு. இங்கே கதை வேறு. மலையாளிகள் பலர் சொந்த நிலத்தில் பயிரிடுபவர்கள். ஆனால் எடைபோட்டுக் கூலி கொடுக்கும் இடத்தில், எடைபோடுபவனைப் பற்றி ஒரு பாட்டு இருந்தே தீரும். இலங்கையில் இருந்தது. தமிழ்நாட்டிலிருந்து காப்பித் தோட்டங்களுக்கும் பின்னர் தேயிலைத் தோட்டங்களுக்கும் போனவர்களின் பாட்டில் கங்காணி வருகிறான், துரை வருகிறான், விட்டுவந்த ஊர் வருகிறது. அவற்றைத் தொகுக்க சி.வி.வேலுப்பிள்ளை என்றொருவர் அங்கே இருந்தார். தோட்டத்திலேயே பிறந்தவர், கவிஞர், தொழிற்சங்கத்தில் உழைத்தவர். லோமாக்ஸைக் கொண்டாடும் நம் சிற்றிதழ்க் கூட்டங்களில் அவர் பெயரை எத்தனைமுறை கேட்டிருக்கிறோம்? நம்மையும் சேர்த்தே சொல்கிறோம். ராபர்ட் ஜான்சன் 1938-இல் எந்த ஊரருகே இறந்தார் என்பது நமக்கு மனப்பாடம். ஆனால் குப்பனூர்ச் சாலையில் இறங்கும்போது வந்த சிற்றூர்களில் ஒன்றின் பெயரைக்கூட வழிகாட்டிப் பலகையைப் பார்த்துத்தான் படித்தோம்.

வேலுப்பிள்ளையின் இடத்தில் ஏற்காட்டுக்கு யார் என்று கேட்டால், சேலத்துத் தமிழாசிரியர்களையும் மாணவர்களையும்தான் கைகாட்டத் தோன்றுகிறது. லோமாக்ஸ் சுமந்த கருவியைவிட நல்லது ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் இருக்கிறது. அறுபது, எழுபது வயதுக்காரர்கள் இன்னும் இருக்கிறார்கள். மே மாதம் சேர்வராயன் திருவிழாவுக்குக் கூட்டம் மலையேறும், அப்போதே தொடங்கலாம்.

இறங்கும்போது பாட்டை நிறுத்திவிட்டு, கண்ணாடியைத் தாழ்த்திக்கொண்டு ஓட்டினோம். சில்வர் ஓக் மரங்களுக்கிடையே எங்கோ ஒரு பெண்குரல் யாரையோ நீட்டிக் கூப்பிட்டது. அது பாட்டா அழைப்பா என்று பிரித்தறியுமுன் வளைவு வந்துவிட்டது.