பத்து ரூபாய் பாட்டிலும் பரிசு பெற்ற அடுப்பும்

நம் ஊர்ப் பிள்ளை ஒருவர் கண்டுபிடித்த கருவிக்கு வெளிநாட்டில் விருது என்று செய்தி வந்தால் மனம் குளிர்கிறது. திருவண்ணாமலை வினிஷா உமாசங்கர், கரி போட்டுத் தேய்க்கும் இஸ்திரி வண்டிக்கு மாற்றாகச் சூரிய ஒளியில் இயங்கும் வண்டியை வடிவமைத்தார். 2020இல் ஸ்வீடன் நாட்டின் சிறார் பருவநிலைப் பரிசைப் பெற்றார். மறு ஆண்டு சுற்றுச்சூழலுக்கான எர்த்ஷாட் பரிசின் இறுதிச் சுற்றுக்கு வந்தார். கிளாஸ்கோ பருவநிலை மாநாட்டு மேடையிலும் பேசினார். இப்படிப்பட்ட செய்திகளைப் படிப்பவர்களில் ஒரு சாரார், அடுத்த வருஷமே அந்தப் பொருள் கடைக்கு வந்துவிடும் என்று எதிர்பார்க்கிறார்கள். வரவில்லை என்றதும், எல்லாம் வெறும் விளம்பரம் என்று இன்னொரு சாரார் முடிவு கட்டுகிறார்கள். விருது என்பது எதை அளக்கிறது என்று தெரிந்தால் இந்த இரண்டு பேச்சும் எழாது.

டென்மார்க்கின் இண்டெக்ஸ் விருதை எடுத்துக்கொள்வோம். அன்றாட வாழ்க்கையை மேம்படுத்தும் வடிவமைப்புக்கென்றே ஏற்பட்ட பரிசு அது. 2005இல் தொடங்கி, இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கொடுக்கப்பட்டு வந்தது. அழகான நாற்காலிக்கும் பளபளக்கும் விளக்குக்கும் அங்கே தனி மரியாதை இருந்ததில்லை. வடிவம், தாக்கம், சூழல் என்ற மூன்றையும் நடுவர்கள் பார்த்தார்கள். வடிவத்தை மேஜைமேல் வைத்துப் பார்த்துவிடலாம். தாக்கத்தை ஓரளவு கணக்குப் போடலாம். சூழலைத்தான் கோபன்ஹேகனில் உட்கார்ந்து முழுசாகப் பார்க்க முடியாது.

2009இல் அந்த விருதைப் பெற்றவற்றில் ஒன்று நம் நாட்டு விறகு அடுப்பு. பிலிப்ஸ் நிறுவனத்தின் வடிவமைப்பாளர்கள் மகாராஷ்டிரத்துப் பெண்களோடும் தொண்டு நிறுவனங்களோடும் பேசி உருவாக்கிய, புகை குறைந்த ‘சூளா’ அடுப்பு அது. அச்சில் வார்த்த துண்டுகளைப் பொருத்தி, உள்ளூரிலேயே செய்துகொள்ளலாம். புகைபோக்கியை எளிதாகச் சுத்தம் செய்யவும் வழி வைத்திருந்தார்கள். வரைபடத்தையும் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று இலவசமாகவே கொடுத்தார்கள். குறை சொல்ல இடமில்லாத முயற்சி. அதே ஆண்டு பரிசு பெற்ற இன்னொன்று, மின்கார்களுக்கு பேட்டரி மாற்றித் தரும் பெட்டர் பிளேஸ் திட்டம். 2013இல் அந்த நிறுவனம் திவாலானது. நடுவர்கள் ஏமாந்துவிட்டார்கள் என்று இதற்குப் பொருளில்லை. யோசனைக்குத்தான் அவர்கள் பரிசு தந்தார்கள். அதன் ஆயுளுக்கு உத்தரவாதம் தரவில்லை.

புகையில்லா அடுப்புகளின் ஆயுளை வேறு சிலர் அளந்து பார்த்தார்கள். எஸ்தர் டஃப்லோ உள்ளிட்ட பொருளியலாளர்கள் ஒடிசாவில் இப்படிப்பட்ட அடுப்புகள் கொடுக்கப்பட்ட வீடுகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தார்கள். முதல் வருஷம் புகை குறைந்தது. அப்புறம் அடுப்பில் விரிசல் விழுந்தது, பூசி மெழுக ஆளில்லை, பயன்பாடும் குறைந்தது. கடைசியில் உடல்நலத்தில் சொல்லிக்கொள்ளும்படி லாபம் எதுவும் தெரியவில்லை. சோதனைச் சாலையில் தேறிய அடுப்புதான் அது.

இதையே நீலகிரிக்குக் கொண்டுவந்து பார்த்தால் சூழல் என்ற சொல்லின் கனம் புரியும். ஜனவரியில் தலைக்குந்தா புல்வெளி உறைபனியில் வெளுத்துக் கிடக்கும்போது, விறகு எரிக்கும் வீட்டில் அடுப்படிதான் குளிர்காயும் இடம். வெந்நீரும் அங்கேதான், ஈரத் துணி காய்வதும் அங்கேதான். வெப்பம் முழுவதையும் பாத்திரத்துக்கே அனுப்பும் அடுப்பு சமவெளிக்காரருக்கு வரம். மலைக்காரருக்கு அது பாதி வேலை மட்டும் செய்யும் அடுப்பு. சூரிய இஸ்திரி வண்டியும் அப்படித்தான். திருவண்ணாமலை வெயிலுக்குப் பிறந்த யோசனை, ஜூலை மாதத்து நடுவட்டத்து மழையில் வேறு மின்சாரத்தைத்தான் தேட வேண்டியிருக்கும். யோசனையின் பிழை என்று இதைச் சொல்ல முடியாது. ஊருக்கு ஊர் அதைத் திருப்பி வடிவமைக்க வேண்டும் என்பதுதான் விஷயம், அந்த வேலைக்கு யாரும் மேடை போடுவதில்லை.

எந்த மேடையும் ஏறாமல் இந்த மலையில் வேலை செய்கிற வடிவமைப்பு ஒன்று இருக்கிறது. காலி மது பாட்டிலைத் திரும்ப வாங்கும் திட்டம். காட்டோரத்தில் வீசப்படும் பாட்டில்கள் உடைந்து யானைகளின் காலைக் கிழிக்கின்றன என்ற வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் நெருக்கியது. 2022 மே மாதம் நீலகிரி டாஸ்மாக் கடைகளில் திட்டம் தொடங்கியது. பாட்டிலில் ஓர் ஒட்டுத்தாள். விலையோடு பத்து ரூபாய் கூடுதல். காலி பாட்டிலைக் கொண்டுவந்து கொடுத்தால் அந்தப் பத்து ரூபாய் கையில். அவ்வளவுதான். பெரும்பாலான பாட்டில்கள் திரும்பின.

இதன் சூட்சுமம் குடித்தவரைத் திருத்துவதில் இல்லை. வளைவில் காரை நிறுத்திக் குடித்துவிட்டு வீசிப் போகிற சுற்றுலாக்காரர் ஊருக்குத் திரும்பியிருப்பார். பத்து ரூபாய் அவருக்குப் பெரிதில்லை. ஆனால் வீசிய அந்த நிமிஷமே பாட்டில் இன்னொருவரின் பத்து ரூபாயாகிவிடுகிறது. அவர் குனிந்து எடுப்பார். சோடா பாட்டிலுக்கு முன்பணம் வாங்கிய கடைக்காரர்களுக்குத் தெரிந்த பழைய கணக்குதான். ஜெர்மனியில் தண்ணீர் பாட்டிலுக்கும் இதுதான் நடக்கிறது. போட்டிகள் புதுமையைத் தேடுகின்றன. பல நேரம் வாழ்க்கைக்குத் தேவைப்படுவது, பழையதைச் சரியான இடத்தில் பொருத்துகிற ஆள்.

குறையும் உண்டு. வாங்கிய பாட்டிலை அடுக்கக் கடையில் இடம் வேண்டும், எண்ணிப் பணம் கொடுக்கக் கை வேண்டும். மற்ற மாவட்டங்களுக்குத் திட்டம் விரிந்தபோது டாஸ்மாக் ஊழியர்கள் எதிர்த்தது இதனால்தான். அவர்கள் முதுகில் ஏற்றிய சுமையும் வடிவமைப்பின் ஒரு பகுதிதான் என்று யாரும் ஆரம்பத்தில் யோசிக்கவில்லை போலும்.

கூடலூரில் இன்னொரு வழியைப் பார்க்கலாம். காட்டை மூடிப் படர்ந்திருக்கும் உண்ணிச்செடியின் தண்டை வெட்டி, வளைத்து, ஆள் உயரத்துக்கு மேல் நிற்கும் யானைச் சிற்பங்களைப் பழங்குடிக் கைவினைஞர்கள் செய்கிறார்கள். 2021இல் அவை லண்டன் பூங்காக்களில் நின்றன, பிறகு அமெரிக்கா போயின. அந்தத் தண்டு எவ்வளவு வளையும், எங்கே முறியும் என்பது அதை நாள்தோறும் கையில் பிடிப்பவருக்குத்தான் தெரியும்.

ஆகவே விருதுகளை ஒதுக்க வேண்டாம். கேட்கும் கேள்வியை மாற்றலாம். குன்னூரிலோ கோத்தகிரியிலோ ஒரு கல்லூரி வடிவமைப்புப் போட்டி அறிவிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தேயிலைத் தோட்டத்தில் மழை நாளில் இடுப்பில் பிளாஸ்டிக் தாளைச் சுற்றிக்கொண்டு, பையில் கொழுந்தைச் சுமந்து சரிவில் இறங்கும் பெண்களுக்கு வேறு என்ன உடுப்பு தரலாம் என்பது நல்ல தலைப்பு. நடுவர் குழுவில் பாதிப்பேர் கொழுந்து பறிப்பவர்களாக இருக்கட்டும். பரிசுத் தொகையில் பாதியை உடனே கொடுத்துவிட்டு, மீதியை இரண்டு பருவமழை கழிந்தபின் அந்த உடுப்பு இன்னும் யார் மேலாவது இருக்கிறதா என்று பார்த்துக் கொடுக்கட்டும்.