முழுப் பேர்

மத்தேயு நற்செய்தியின் 20ஆம் அதிகாரத்தில் திராட்சத்தோட்ட வேலையாட்களின் உவமை இருக்கிறது. இலங்கையின் ஊவா மலைகளில் அதை வாசித்தால், போதகர் வாய் திறக்கும் முன்பே பாதி விளங்கிவிடும். ‘தோட்டம்’ என்ற சொல்தான் காரணம். பசறை, லுணுகலை, ஹப்புத்தளைப் பக்கம் அந்தச் சொல்லுக்குள் தொழிலாளர் வாழும் லயமும் மலையும், காலையில் ஆள் கூடும் பெரட்டுக்களமும், தேயிலை ஸ்டோரும், தோட்ட அதிகாரியான துரையின் பங்களாவும் அடங்கும். கூடவே ‘கூலி’யும் வருகிறது. 1854இல் சி.எம்.எஸ். (சர்ச் மிஷனரி சொசைட்டி) கண்டிப் பக்கத்துக் கோப்பித் தோட்டங்களில் தொடங்கிய ஊழியத்துக்குப் பெயரே ‘தமிழ்க் கூலி மிஷன்’. திருநெல்வேலியிலிருந்து வந்த உபதேசியார்கள் தோட்டம் தோட்டமாக நடந்தார்கள்.  

உவமையின் கதை எளிது. தோட்டத்தின் எஜமான் விடியற்காலையில் சந்தைவெளிக்குப் போய், நாளுக்கு ஒரு தெனாரியம் பேசி ஆள் எடுக்கிறார். புராட்டஸ்டன்ட் சபைகளின் பழைய மொழிபெயர்ப்பு அதை வெறுமனே ‘பணம்’ என்கிறது. கத்தோலிக்கர் வாசிக்கும் 1995ஆம் ஆண்டுப் பொது மொழிபெயர்ப்பு ‘தெனாரியம்’ என்றே வைத்திருக்கிறது. அக்காலத்தில் அது ஓர் ஆளின் ஒருநாள் கூலி. மூன்றாம், ஆறாம், ஒன்பதாம் மணி வேளைகளில் இன்னும் ஆட்களை அழைக்கிறார். கடைசியாகப் பதினோராம் மணி. பொழுது விடிவதிலிருந்து எண்ணும் யூதக் கணக்கில் அது மாலை ஐந்து; வேலை முடிய ஒரே மணி நேரம் பாக்கி. ஏன் சும்மா நிற்கிறீர்கள் என்று கேட்டதற்கு, எங்களை யாரும் கூப்பிடவில்லை என்கிறார்கள். சோம்பேறிகள் என்று அவர்களைச் சொல்ல வேதத்தில் ஆதாரம் இல்லை. ஆள் பொறுக்கும் இடத்தில் கடைசிவரை நிற்பவர்கள் யார் என்பதைப் பெரட்டுக்குப் போய் வந்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை.

மாலையில் சம்பளம். கடைசியில் வந்தவருக்கு முதலில் கொடுக்கச் சொல்கிறார் எஜமான்; எல்லோருக்கும் ஒரே தெனாரியம்தான் என்றதும் முதலில் வந்தவர்கள் முணுமுணுக்கிறார்கள். கதையின் முடிச்சு இந்த வரிசையில்தான் இருக்கிறது. முதலில் வந்தவர்கள் முதலில் வாங்கியிருந்தால் காசை முடிந்துகொண்டு வீடு போயிருப்பார்கள். முணுமுணுப்பும் இல்லை, உவமையும் இல்லை.

தோட்டத் தமிழில் ஒரு நாள் வேலைக்கு ‘பேர்’ என்று பெயர். குறித்த கிலோ கொழுந்து நிறுவையில் வந்தால் முழுப் பேர். குறைந்தால் அரைப் பேர். 1,000 ரூபாய் நாட்சம்பளம் 2021 மார்ச்சில் வர்த்தமானியில் வந்தபோதும், 2024இல் அது 1,350 ஆனபோதும், அந்தத் தொகை யார் கைக்கு முழுதாகப் போகும் என்பதைத் தராசும் சேர்ந்தே தீர்மானித்தது. உவமையின் எஜமான் தராசைப் பார்க்கவில்லை. ஒரு மணி நேரம் உழைத்தவனுக்கும் முழுப் பேர் போட்டார். ஒரு தெனாரியத்துக்குக் குறைந்தால் அன்றிரவு அடுப்பு எரியாது. கிருபை என்ற சொல்லுக்கு இறையியல் நூல்கள் தரும் நீண்ட விளக்கத்தைவிட, கொழுந்துக்கூடை இறக்கிவைத்த பெண்ணுக்கு ‘முழுப் பேர்’ என்ற இந்த ஒரு சொல் நெருக்கமானது.

ஆனால் வேதபாடத்தில் ஓர் எச்சரிக்கை தேவை. உவமையின் எஜமான் கடவுள். அந்த இடத்தில் துரையைக் கொண்டுபோய் உட்கார வைக்கக் கூடாது. தன் பொருளைத் தன் இஷ்டப்படி கொடுக்கத் தனக்கு உரிமை இல்லையா என்று அவர் கேட்பது அதிகமாகக் கொடுத்தவரின் கேள்வி. குறைத்துக் கொடுப்பவர் அதைக் கடன் வாங்க முடியாது. உவமைக்குச் சற்று முன் (19:27), எல்லாவற்றையும் விட்டுவந்த எங்களுக்கு என்ன கிடைக்கும் என்று பேதுரு கேட்கிறார். உவமை அந்தக் கேள்விக்கும் பதில். நெடுநாள் சபைக்காரர்கள் அதிகம் யோசிக்க வேண்டியதும் அதைத்தான்.

மாலையிலேயே கூலி கொடுத்ததும் சும்மா வந்த விவரம் இல்லை. லேவியராகமம் 19:13, உபாகமம் 24:15 இரண்டும் கூலியைப் பொழுது தாண்ட விடக் கூடாது என்கின்றன. இந்த வசனங்களுக்கு எதிராக மலையகத்தில் நெடுங்காலம் நின்றது ‘துண்டு’. தொழிலாளியின் கடனை எழுதி, அதை அடைத்தால்தான் ஆளை விடுவோம் என்ற சீட்டு அது, 1921இல்தான் ஒழிந்தது. கூலி கைக்கு வரும் முன்பே கணக்கில் கரைந்த அந்தக் காலத்தில், வயலறுத்தவரின் பிடித்துவைத்த கூலி கூக்குரலிடுகிறது என்ற யாக்கோபு 5:4 எப்படிக் காதில் விழுந்திருக்கும்?

1972இல் பதுளை மறைமாவட்டம் உருவானபோது முதல் ஆயராக வந்த லியோ நாணயக்கார, தோட்டத் தொழிலாளர் பக்கம் நின்றதற்காகவே இன்றும் நினைக்கப்படுகிறார். ஆனால் அந்த மறைமாவட்டத்திலும், மூன்றாண்டுச் சுழற்சியில் ஓடும் கத்தோலிக்க ஞாயிறு வாசக ஒழுங்கில், திராட்சத்தோட்ட உவமை முதலாம் ஆண்டின் 25ஆம் பொதுக்கால ஞாயிற்றுக்கும், யாக்கோபின் பகுதி இரண்டாம் ஆண்டின் 26ஆம் ஞாயிற்றுக்கும் வருகின்றன. ஞாயிறுகளில் இரண்டும் ஒரே வருடத்தில் பீடத்திலிருந்து வாசிக்கப்படுவதில்லை. சேர்த்து வாசிக்க விரும்புகிறவர்கள், லயத்து வீட்டின் முன்னறையில் கூடும் ஜெபக்கூட்டத்தில் இரண்டு பக்கங்களிலும் விரல் வைத்துக்கொண்டுதான் வாசிக்க வேண்டும்.