கள்ளுண்ணாமை எந்தப் பாலில் இருக்கிறது?

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஆசிரியர் குழுவுக்கு நேற்று 'நற்பண்பு அட்டவணை' ஒன்று வந்தது. குறள் அதிகாரங்களைக் கட்டம் கட்டி ஐந்து தலைப்பில் அடுக்கியிருக்கிறார்கள். 'தனிமனித ஒழுக்கம்' என்ற கட்டத்தில் கள்ளுண்ணாமை. அதன் கீழே ஒருவர், "கருணாபுரத்துக்காரர்கள் இதைப் படித்திருந்தால் செத்திருக்க மாட்டார்கள்" என்று எழுத, பலர் கைதட்டியிருந்தார்கள். தூக்கம் வரவில்லை.

நானும் அப்படி ஓர் அட்டவணை போட்டவன்தான். கல்வராயன் மலையில் வேலை பார்த்தபோது சார்ட் அட்டையில் எழுதி, கள்ளுண்ணாமையை ஒழுக்கமுடைமைக்குப் பக்கத்தில் ஒட்டினேன். மலைப் பையன் ஒருவன், "ஐயா, புக்குல இது அங்க இல்லியே?" என்றான். "எல்லாம் ஒண்ணுதான், உட்காரு" என்றேன். அவன் சொன்னதுதான் சரி.

அறத்துப்பாலில் 38 அதிகாரங்கள். புலால் மறுத்தல், கள்ளாமை, வாய்மை எல்லாம் அங்கே இருக்கின்றன. கள்ளுண்ணாமை இல்லை. அது 93-ஆவது அதிகாரம், பொருட்பால். அரசன், அமைச்சு, அரண், படை, பகை என்று வரும் வரிசையில், உட்பகைக்கு நாலு அதிகாரம் தள்ளி. இயல் பிரிப்பதில் உரையாசிரியர்களுக்குள் வேறுபாடு உண்டு, முப்பாலில் இல்லை. குடிப்பவனை வள்ளுவர் கண்டிக்கவில்லையா என்றால், கடுமையாகவே கண்டிக்கிறார். ஆனால் குடிப்பவனைக் கண்டு பகைவர் அஞ்சமாட்டார் என்றுதான் ஆரம்பிக்கிறார். கூலிக்காரனுக்கு ஏது ஐயா பகைவர் படை? நாட்டை வைத்திருப்பவனிடம் பேசுகிறார்.

2024 ஜூனில் இங்கே செத்தவர்கள் 60-க்கும் மேல். அவர்கள் குடித்த சாராயத்தில் கலந்திருந்தது மெத்தனால். அது மலையில் வெல்லமும் பட்டையும் போட்டு ஊறவைத்து எடுப்பதல்ல. ஆலைச் சரக்கு, உரிமம் இல்லாமல் விற்கவோ வாங்கவோ கூடாதது. அது ஊர் ஊராகக் கைமாறிக் கருணாபுரம் வரை வந்திருக்கிறது. காவல் நிலையமும் நீதிமன்றமும் கூப்பிடு தூரத்தில் இருக்கிற தெரு அது. வழக்கை அந்த ஆண்டு நவம்பரில் உயர் நீதிமன்றம் சிபிஐக்கு மாற்றியது. செத்தவனுடைய அடக்கமின்மையை விசாரிக்கவா மாற்றினார்கள்?

உடனே மலையைக் கைகாட்டுகிறவர்களுக்கும் ஒன்று. 1976 வரை ஜாகீர்தார்கள் கையில் கிடந்த மலை அது. கிழங்கும் தினையும் விளைந்து கிடந்தாலும் இறக்கி விற்க ரோடு இல்லாத ஊர்களை நான் நடந்தே பார்த்திருக்கிறேன். அங்கே சாராயக்காரன் கொடுக்கிற முன்பணம்தான் கையில் காசு. இதற்கு உங்கள் ஐந்து தலைப்பில் எந்தக் கட்டம்?

பண்புகளை அடுக்குங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. பிள்ளைகளுக்கு அது உதவும். ஆனால் ஆள்பவன் கணக்கில் வள்ளுவர் எழுதியதை அப்பாவை இழந்த பிள்ளையின் கணக்கில் மாற்றி எழுதாதீர்கள். கருணாபுரத்துப் பிள்ளைகளும் அந்த அட்டவணையைப் பார்த்துக்கொண்டுதான் வகுப்பில் உட்காரப் போகிறார்கள். அச்சுக்குப் போகுமுன் 93-ஐ எடுத்து, செங்கோன்மை இருக்கிற 55-க்குப் பக்கத்தில் வையுங்கள். அட்டை வாங்கப் பணம் இல்லையென்றால் நான் தருகிறேன்.