பின்னால் வந்து மோதியவரிலேயே எப்போதும் பிழையா?

ஏ9 வீதியில் முன்னால் சென்ற முச்சக்கரவண்டி, கைகாட்டிய ஒருவரை ஏற்றுவதற்காகச் சடுதியாக நிற்கிறது. பின்னால் வந்த கார் அதில் மோதுகிறது. பொலிஸார் வருவதற்கு முன்பே, கூடிநிற்பவர்கள் தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள்: "பின்னால வந்து இடிச்சவரிலதான் பிழை."

இந்தத் தீர்ப்பு பெரும்பாலும் சரியானதே. மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் செல்லும் வாகனம் ஒரு செக்கனில் ஏறத்தாழ 14 மீற்றர் ஓடிவிடும். ஆபத்தைக் கண்ட சாரதியின் கால் பிறேக்கை அழுத்துவதற்கே ஒரு செக்கனுக்கு மேல் செல்லலாம். ஆகவே, போதிய இடைவெளி விட்டுச் செல்வது பின்னால் வருபவரின் பொறுப்பு.

ஆனால் விசாரணை அத்துடன் முடிந்துவிடக் கூடாது. முன்னால் சென்ற வாகனத்தின் பிறேக் விளக்குகள் எரிந்தனவா? அது குறுக்கே புகுந்த உடனேயே நின்றதா? இரவில் வெளிச்சமின்றி வீதியில் நிறுத்தப்பட்டிருந்ததா? மூன்று வாகனங்கள் மோதிக்கொண்டால், நடுவில் இருந்தது தானாக மோதியதா, பின்னாலிருந்து தள்ளப்பட்டதா? இரு தரப்பிலும் கவனயீனம் இருந்தால், அவரவர் பங்குக்கு ஏற்ப நட்டஈட்டைக் குறைத்துத் தீர்மானிப்பதற்கு 1968ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் இடமளிக்கிறது.

இந்தக் கேள்விகள் யாருக்கு முக்கியம் என்பதைக் காப்புறுதிதான் தீர்மானிக்கிறது. முழுமையான காப்புறுதி உள்ளவர் தனது நிறுவனத்துக்குத் தொலைபேசி எடுப்பார். மதிப்பீட்டாளர் வருவார், படம் எடுப்பார், திருத்தச் செலவு கிடைக்கும். பிழை தன்னுடையதாக இருந்தாலும், அடுத்த வருடத் தவணைக் கட்டணக் கழிவை இழப்பதோடு பெரும்பாலும் விடயம் முடிந்துவிடும்.

சட்டப்படி கட்டாயமான மூன்றாம் தரப்புக் காப்புறுதியை மட்டும் வைத்திருக்கும் முச்சக்கரவண்டிக்காரரின் நிலை வேறு. பிழை துளியும் அவரில் இல்லாவிட்டாலும், அவரது வண்டியின் சேதத்துக்கு அவருடைய காப்புறுதி பணம் தராது. எதிர்த்தரப்பிடமோ, அவரது காப்புறுதியிடமோ, நீதிமன்றத்திடமோதான் அவர் போகவேண்டும். அதற்குப் பிழை யாருடையது என்பது நிரூபிக்கப்பட வேண்டும்.

ஆனால் வீதியோரப் பேரத்தில் விட்டுக்கொடுப்பவரும் பெரும்பாலும் அவரே. "பொலிஸுக்குப் போனால் வண்டி மறிபடும், உழைப்பும் போகும்" என்ற பயத்தில், கையில் தரும் சில ஆயிரம் ரூபாயுடன் சம்மதித்துவிடுகிறார். கழுத்து நோவு மறுநாள்தான் தெரியவரும்.

நீதவான் நீதிமன்றத்தில் ஒருவர் தண்டப்பணம் கட்டுவதால் மற்றவருக்கு நட்டஈடு கிடைத்துவிடாது. அது தனியான சிவில் வழக்கு. அதை இரண்டு வருடங்களுக்குள் தொடுக்க வேண்டும். அந்த வழக்கில் சாட்சியாகப் போவது விபத்து நடந்த முதல் சில நிமிடங்களில் சேகரித்தவைதான். வாகனங்களை நகர்த்துமுன் கைபேசியில் எடுத்த படங்கள், டயர் தடங்கள், இலக்கத் தகடுகள், பார்த்தவர்களின் தொலைபேசி இலக்கங்கள், பொலிஸ் முறைப்பாடு என்பன அவற்றுள் முக்கியமானவை.

முறைப்பாட்டைத் தமிழில் செய்வதற்கு அரசியலமைப்பு உரிமை தருகிறது. வாசித்து விளங்காத வாக்குமூலத்தில் கையொப்பமிட வேண்டாம். அந்தத் தாளில் எழுதப்பட்டிருப்பதை வைத்துத்தான் பின்னர் உங்கள் நட்டஈடு பேசப்படும்.