மூளையிடம் வாக்குமூலமா?



சந்தை இரைச்சலில்கூட யாராவது நம்ம பேரைச் சொன்னா டக்குனு திரும்புறோம் இல்லையா? அர்த்தமுள்ள சத்தத்தை மூளை தனியாகக் கவனிக்கிறது. 1964-ல் கிரே வால்டர் என்ற விஞ்ஞானி இதை அளந்தார். 'டிக்' சத்தம் கேட்டால் அடுத்து விளக்கு மின்னும், உடனே பொத்தானை அமுக்கணும் என்று தெரிந்தவர்களுக்கு நெற்றிப் பக்க மூளையில் மின் அலை எழுந்தது. வெறும் சத்தத்துக்கு எழவில்லை.

மூளையின் மின்சாரத்தை நம் நாட்டில் போலீஸ் விசாரணைக்கும் அளந்தார்கள். தலையில் ஒயர் ஒட்டி, குற்றத்தைப் பற்றிய வாக்கியங்களைக் கேட்க வைப்பார்கள். 2008-ல் புனே நீதிமன்றம் ஒரு கொலை வழக்கில் இதையும் சான்றாக எடுத்துக்கொண்டது.

எனக்கு இது சரியாகப் படவில்லை. டீக்கடைப் பேச்சில் கேட்டவருக்கும் அது தெரிஞ்ச விஷயம்தானே? தெரிந்தவர் எல்லாம் செய்தவரா? வாயை மூடிக்கலாம், மூளையை எப்படி மூடுவது?

நல்லவேளையாக, 2010 மே 5 அன்று செல்வி வழக்கில் உச்ச நீதிமன்றம், சம்மதம் இல்லாமல் இந்தச் சோதனை கூடாது என்று தீர்ப்பளித்தது. சம்மதித்தாலும் சோதனை முடிவு மட்டுமே சான்று ஆகாது என்றும் சொன்னது.

ஆனால், பயந்துபோய்த் தலையாட்டினா அது சம்மதமா? நீங்களே சொல்லுங்க.

– ஒன்பதாம் வகுப்பு மாணவி