பெரட்டுத் தப்பும் இடிமுழக்கமும்

ஒலி என்பது யாது? அதிர்வினாற் பிறந்து, காற்று முதலிய ஊடகத்தின் வழியே அலையாகப் பரவிச் செவியை அடைவது ஒலி என்று பள்ளிக்கூடத்துப் பௌதிக நூல்கள் ஒரே வாக்கியத்திற் கூறிவிடுகின்றன. விடை சரியானதே. ஆனால், மனப்பாடம் செய்த மாணவன் பரீட்சை மண்டபத்தைவிட்டு வெளியே வந்ததும் அதை மறந்துவிடுகிறான். கண்ணாற் கண்டு, கையாற் செய்து பார்த்தது மறப்பதில்லை. பதுளை, பண்டாரவளை, ஹப்புத்தளைப் பகுதிகளில் வாழும் நம் பிள்ளைகளுக்கு இப்பாடத்தைக் கற்க ஆய்வுகூடம் ஒன்று தேவையேயில்லை. ஏணை, தப்பு, எதிர்மலை, ஐப்பசி இடி ஆகிய நான்கும் போதும். இவ்வாரம் அவற்றையே எடுத்துக்கொள்வோம்.

ஏணையும் ஊசலும்

தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் வரிசையாகத் தொங்கும் ஏணைகளை எல்லோரும் பார்த்திருக்கிறோம். ஓர் ஏணை ஒருபக்கம் சென்று, திரும்பி, மறுபக்கம் சென்று, புறப்பட்ட இடத்துக்கு மீளுவதை ஓர் அலைவு என்கிறோம். அதற்கு எடுக்கும் நேரம் அலைவுகாலம். ஒரு செக்கனில் நிகழும் அலைவுகளின் எண்ணிக்கை மீடிறன். நடுநிலையிலிருந்து எவ்வளவு தூரம் விலகிச் செல்கிறதோ அது வீச்சம்.

இனி ஒரு வியப்பைக் கவனியுங்கள். ஏணையில் உறங்கும் குழந்தை கனத்ததாயினும் மெலிந்ததாயினும் அலைவுகாலம் ஏறக்குறைய ஒன்றே. மெல்ல ஆட்டினாலும் சற்றே பலமாக ஆட்டினாலும் அதில் பெரிய வேறுபாடு இல்லை. தொங்கும் நீளமே அதனைத் தீர்மானிக்கிறது. நீளம் நான்கு மடங்கானால் அலைவுகாலம் இரண்டு மடங்காகும். ஊசலின் இவ்வியல்பை ஆராய்ந்தவர் இத்தாலிய அறிஞர் கலிலியோ. அதனைக்கொண்டு 1656ஆம் ஆண்டில் ஊசல் மணிக்கூட்டை அமைத்தவர் ஒல்லாந்து அறிஞர் ஐகன்சு.

ஒரு சிறு கல்லை நூலிற் கட்டி, தொங்கும் இடத்திலிருந்து கல்லின் நடுப்பகுதிவரை 1 மீற்றர் இருக்குமாறு தொங்கவிடுங்கள். அது ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் செல்ல 1 செக்கன், திரும்பிவர இன்னொரு செக்கன் எடுக்கும். காசு செலவில்லாத செக்கன் மணிக்கூடு ஆயத்தம். கைப்பேசியிலேயே செக்கன் காட்டும் இக்காலத்தில் கல்லும் நூலும் எதற்கு என்று கேட்கலாம். தான் செய்த கருவியால் அளந்த மாணவனுக்கு அளவு என்றால் என்னவென்று புரிந்துவிடும், அதற்காகவே.

தப்பை ஏன் தீயிற் காய்ச்சுகிறோம்?

ஏணை ஆடுவது கண்ணுக்குத் தெரிகிறது, காதுக்குக் கேட்பதில்லை. காரணம் அதன் மீடிறன் மிகக் குறைவு. செக்கனுக்கு ஏறத்தாழ 20 முதல் 20,000 வரையான அதிர்வுகளையே மனிதச் செவி ஒலியாக உணரும். தப்பின் தோல் இந்த எல்லைக்குள் அதிர்கிறது.

முன்னாளிற் பொழுது விடியுமுன்னே தொழிலாளரைப் பெரட்டுக்கு அழைத்தது இந்தத் தப்புத்தான். இன்று காமன் கூத்திலும், கோயில் திருவிழாவிலும், மரணவீட்டிலும் அதன் ஓசையைக் கேட்கிறோம். அடிப்பதற்கு முன் சருகைக் கொளுத்தித் தப்பைக் காய்ச்சுவது வழக்கம். இது வெறுஞ் சடங்கன்று. இதற்குள் நல்ல பௌதிகம் இருக்கிறது.

மலைநாட்டுப் பனியிலும் மூடுபனியிலும் தோல் ஈரத்தை உறிஞ்சிக்கொள்கிறது. ஈரத்தால் தோல் தளரும், பாரமும் ஏறும். தளர்ந்த பாரமான தோல் மெதுவாக அதிரும், ஓசை மந்தமாகும். தீயிற் காய்ச்சும்போது ஈரம் நீங்கித் தோல் இறுகுகிறது. இழுவை நான்கு மடங்கானால் மீடிறன் இரண்டு மடங்காகும் என்பது விதி. ஆகவே ஓசை சுருதி ஏறிக் கணீரென ஒலிக்கிறது. வட்டம் சிறிதானாலும் மீடிறன் உயரும். அதனாலேதான் சிறிய உடுக்கின் குரல் பெரிய தப்பின் குரலைவிட உயர்ந்திருக்கிறது. இந்த விதிகளை நூலிற் படியாமலே கையால் அறிந்து வைத்திருந்தவர்கள் நம் தப்புக் கலைஞர்கள். அவர்களைத் தாழ்வாக எண்ணும் பழக்கம் நம்மிடையே இன்னும் முற்றாக ஒழியவில்லை என்பது வெட்கத்துக்குரியது.

மானாப்புல் காட்டும் பாடம்

தோல் முன்னே வரும்போது அருகிலுள்ள காற்றை நெருக்குகிறது; பின்னே செல்லும்போது அதனைத் தளர்த்துகிறது. நெருக்கமும் தளர்வும் மாறிமாறி அடுத்தடுத்த காற்றுக்குக் கைமாறிச் செல்கின்றன. இதுவே ஒலியலை. தப்பருகே இருந்த காற்று நம் காதுவரை ஓடி வருவதில்லை. ஆடி ஆவணிக் காற்று வீசும்போது மலைச்சரிவில் மானாப்புல் அலையலையாகச் சாய்வதைப் பாருங்கள். அலை மலையின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குப் போகிறது. எந்தப் புல்லும் வேரைப் பிடுங்கிக்கொண்டு உடன் போவதில்லை. நின்ற இடத்திலே சாய்ந்து நிமிர்கிறது. அலை சுமந்து செல்வது பொருளையன்று, சக்தியை.

ஒலியின் வேகம் காற்றின் வெப்பநிலையைப் பொறுத்தது. 0 பாகை செல்சியசில் செக்கனுக்கு 331 மீற்றர். ஒவ்வொரு பாகை ஏறும்போதும் ஏறக்குறைய 0.6 மீற்றர் கூடும். பண்டாரவளையில் 15 பாகையுள்ள குளிர்காலையில் 340 மீற்றர். பதுளை நகரில் 28 பாகையுள்ள நடுப்பகலில் 348 மீற்றர். மலை உயரமென்பதனால் மட்டும் வேகம் குறைவதில்லை. குளிர்தான் அதனைக் குறைக்கிறது.

எதிரே பாறைச்சரிவு ஒன்று இருந்தால் உரக்கக் கைதட்டிப் பாருங்கள். எதிரொலி 2 செக்கன் கழித்து வந்ததாயின், ஒலி போய்வந்த தூரம் ஏறத்தாழ 680 மீற்றர். பாறையின் தூரம் அதிற் பாதி, அதாவது 340 மீற்றர். பள்ளத்தில் இறங்காமலே எதிர்மலையின் தூரத்தை அளந்துவிட்டோம்!

விடியற்காலை ஒலி ஏன் தொலைவு செல்கிறது?

பகலில் அடுத்த லயத்துக்கே சரியாகக் கேளாத ஓசை விடியுமுன் பள்ளத்துக்கு அப்பாலுள்ள பிரிவுக்கும் கேட்பதை முதியோர் சொல்லுவர். ஊர் அடங்கியிருப்பது ஒரு காரணம். இன்னொரு காரணமும் உண்டு. மேகமற்ற இரவில் நிலம் குளிர்கிறது. நிலத்தை ஒட்டிய காற்றும் குளிர்ந்து பள்ளங்களில் தங்குகிறது. மேலேயுள்ள காற்று அதனைவிடச் சூடாக இருக்கும். ஆகவே ஒலியலையின் கீழ்ப்பகுதி மெதுவாகவும் மேற்பகுதி விரைவாகவும் செல்கின்றன.

கொழுந்து பறிப்போர் வரிசையாகக் கைகோத்து நடப்பதாக எண்ணுங்கள். மேட்டுப் பக்கத்தவர் விரைந்தும் பள்ளத்துப் பக்கத்தவர் மெதுவாகவும் நடந்தால் வரிசை என்ன ஆகும்? பள்ளத்துப் பக்கமாகத் திரும்பிவிடும். அப்படியே ஒலியலையும் கீழ்நோக்கி வளைகிறது. வானத்துக்குப் போய் வீணாகவேண்டிய ஒலி நிலத்துக்கே திரும்பி வருகிறது. இதனை ஒலிமுறிவு என்பர். நண்பகலில் நிலம் சூடேறுவதால் நிலைமை தலைகீழாகிறது. ஒலி மேல்நோக்கி வளைந்து போய்விடுகிறது. துரைமார் தப்படிக்க விடியற்காலையைத் தேர்ந்தது வேலைக்காகவே. ஆயினும் இயற்கையும் அவர்களுக்கு உதவியிருக்கிறது.

மின்னலுக்கும் இடிக்கும் இடையில்

இதுவரை கூறியவை அறிவுக்கு விருந்து. இனிக் கூறப்போவது உயிரோடு தொடர்புடையது.

ஒக்டோபர், நவம்பர் மாதங்களிலும் ஏப்பிரல் மாதத்திலும் பிற்பகல் வேளைகளில் ஊவா மலைகளில் இடியும் மின்னலும் மிகுதி. அந்நேரத்தில் ஆயிரக்கணக்கானோர் திறந்த மலையிற் கொழுந்து பறித்துக்கொண்டிருப்பர். மின்னலின் ஒளி கண்ணுக்கு உடனே எட்டிவிடுகிறது. அதன் ஒலி 1 கிலோமீற்றரைக் கடக்க ஏறத்தாழ 3 செக்கன் எடுக்கிறது. மின்னலைக் கண்டதும் எண்ணத் தொடங்கி, இடி கேட்டதும் நிறுத்தி, எண்ணை மூன்றாற் பிரித்தால் மின்னல் எத்தனை கிலோமீற்றருக்கு அப்பால் என்பது தெரிந்துவிடும். 15 எண்ணினால் 5 கிலோமீற்றர். 30 எண்ணினால் 10 கிலோமீற்றர்.

முப்பதை எட்டுமுன் இடி கேட்டதாயின் வேலையை விட்டுக் கட்டடத்துக்குள் செல்லவேண்டும் என்பது உலகெங்கும் கூறப்படும் பாதுகாப்பு விதி. அடுத்த மின்னல் முன்னையதற்குப் பல கிலோமீற்றர் தள்ளியும் விழலாமாதலின் 10 கிலோமீற்றர் தூரமும் தூரமன்று. இறுதி இடிக்குப் பின் 30 நிமிடம் கழித்தே வெளியே வரவேண்டும். மலைமுகட்டிலோ மரத்தடியிலோ ஒதுங்குதல் கூடாது. மரத்தில் இறங்கும் மின்னல் அருகில் நிற்பவர்மீதும் பாயும். எண்ணிப்பார்க்க இயலாதவர்க்கு ஒரே வாக்கியம் போதும்: இடி காதில் விழுந்தால் நாம் மின்னலின் எட்டுக்குள் இருக்கிறோம்.

விதி எளிது, நடைமுறைதான் கடினம். நிறை குறைந்தால் அரைப்பேர் விழுமென்று அஞ்சும் பெண் இடி கேட்டும் மலையை விட்டு இறங்குவதில்லை. ஆகவே முப்பதுவரை எண்ணும் கடமை அவளுக்கு மட்டும் உரியதன்று. கங்காணிக்கும் கணக்கப்பிள்ளைக்கும் அவர்களுக்கு மேலுள்ளோர்க்கும் உரியது. அவளை இறக்கிவிட்டால் மட்டும் போதாது. இறங்கிய நேரத்துக்காகப் பேரை வெட்டாமலும் இருக்கவேண்டும்.

மலை உறுமும்போது

அருகிற் கேட்கும் இடி படீரென வெடிக்கிறது. தொலைவில் அதே இடி குமுறுகிறது. மின்னற்பாதை பல கிலோமீற்றர் நீளமாதலின் அதன் வெவ்வேறு பகுதிகளின் ஒலி வெவ்வேறு நேரத்தில் வந்து சேருகிறது. மலைகளின் எதிரொலியும் கலந்துகொள்கிறது. வரும் வழியில் உயர்ந்த மீடிறன்களைக் காற்று விரைவாக உறிஞ்சிவிட, தாழ்ந்தவையே எஞ்சுகின்றன. மேலும், செக்கனுக்கு 3,400 முறை அதிரும் ஒலியின் அலைநீளம் 10 சென்ரிமீற்றர். 170 முறை அதிரும் ஒலிக்கு 2 மீற்றர். நீண்ட அலை சுவரையும் மரத்தையும் சுற்றிவளைந்து செல்லும். குறுகிய அலை தடைபட்டுவிடும். ஆழ்ந்த ஒலி தொலைவிலிருந்தும் வந்து சேரும் என்பதை இங்கு நினைவிற் கொள்க.

2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆந் திகதி காலையில் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலைச்சரிவு இறங்கி லயங்களை மண்ணுள் மூடியது. 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா சூறாவளியின்போதும் ஊவா மலைகள் பல இடங்களிற் சரிந்தன. மண் பெயர்வதற்கு முன் சில இடங்களில் மலை அறிகுறி காட்டும். நிலத்திலும் சுவரிலும் புதிய வெடிப்பு, சாயும் மரங்கள், திடீரெனத் தோன்றும் அல்லது வற்றும் ஊற்று, கலங்கிய நீர் என்பன கண்ணுக்குரியவை. காதுக்குரியது ஆழ்ந்த உறுமல். பாறைகள் உராய்வதாலும் வேர்கள் அறுவதாலும் எழும் அவ்வொலி காற்றில் மட்டுமன்றி நிலத்தினூடும் வரும். கடும்பாறையினூடு ஒலி காற்றைவிடப் பன்மடங்கு விரைவாகச் செல்வதால், காதுக்கு முன்பே காலும் சிலவேளை அதிர்வை உணரக்கூடும். அடைமழையில் அத்தகைய உறுமல் கேட்டால், அது இடியா என்று வாசலில் நின்று ஆராயாமல், சரிவின் பாதையை விட்டுப் பக்கவாட்டில் விலகி ஓடவேண்டும். பொருளெடுக்கத் திரும்புதல் கூடாது.

உறுமல் எப்போதும் முன்கூட்டி வருமென்று நம்பி இருத்தலும் பிழை. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கை வந்ததும் நகருதலே அறிவுடைமை. மீரியபெத்தை ஆபத்தான இடம் என்றும் முன்னரே எச்சரிக்கப்பட்டிருந்தது. ஆயினும் மக்கள் அங்கேயே வாழ்ந்தனர். சொந்த நிலமும் வீடும் இல்லாதவர் எங்கே செல்வர்? எச்சரிக்கை ஒலி காதை எட்டினால் மட்டும் உயிர் பிழைப்பதில்லை. காலூன்றப் பாதுகாப்பான நிலமும் வேண்டும். முதலாவதைப் பௌதிகம் தரும். இரண்டாவதை நாடு தரவேண்டும்.

மாணவர்களுக்கு இவ்வாரப் பயிற்சி: ஒரு மீற்றர் ஊசலைச் செய்து, வீட்டுக்குள் இருந்தபடியே அடுத்த இடிமழையின் தூரத்தை ஐந்துமுறை அளந்து எழுதுங்கள். மழை நெருங்குகிறதா, விலகுகிறதா என்பது அவ்வெண்களிலிருந்தே புலப்படும். அளந்ததை வீட்டிலுள்ள பெரியோர்க்கும் விளக்கிக் கூறுங்கள். மறுநாள் அவர்கள் மலைக்குச் செல்லும்போது முப்பதுவரை எண்ணும் பழக்கமும் அவர்களுடன் செல்லட்டும்.