தரச்சான்றும் ஆசிரியர் உழைப்பும்

ஆந்திரத்தின் தனியார் நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஒன்றுக்கு உயர்தரம் வழங்க லஞ்சம் பெற்றதாகக் குற்றஞ்சாட்டி, ‘நாக்’ தரச்சான்று ஆய்வுக்குழுவின் தலைவரையும் உறுப்பினர்களையும் 2025 பிப்ரவரியில் சிபிஐ கைது செய்தது. இதைச் சிலரின் பேராசை என்று முடித்துவிட இயலாது. 2018ஆம் ஆண்டின் யுஜிசி விதிகளின்படி, நாக் மதிப்பெண் உயர்ந்தால் பல்கலைக்கழகத்துக்குத் தன்னாட்சி. தன்னாட்சி கிட்டினால் சுயநிதிப் படிப்புகள். மதிப்பெண் வருவாய்க்கு வழி திறக்கும்போது அதுவே விலைபொருளாகிறது.

சுமையோ ஆசிரியர் தோளில் விழுகிறது. 2010இல் யுஜிசி ஆசிரியர் பணியைப் புள்ளிகளாக எண்ணத் தொடங்கியது. பதவி உயர்வு புள்ளிகளைச் சார்ந்ததும், காசு பெற்றுக் கட்டுரை வெளியிடும் போலி ஆய்விதழ்கள் பெருகின. விதிகள் பின்னர் திருத்தப்பட்டும் கட்டுரைக் கணக்கு ஒழியவில்லை. ஆய்வுக்குழு வரும் காலத்தில் வகுப்பறை பின்தள்ளப்பட்டு, கோப்புகளும் புகைப்படச் சான்றுகளும் முன்னுக்கு வருகின்றன. முதல் தலைமுறை மாணவருக்குப் பொறுமையாக விளக்கிய பாடம் இந்த அளவுகோலில் அடங்குவதில்லை. நிரந்தரப் பணியிடங்களை நிரப்பாமல் விருந்தினர் ஆசிரியர்களைக் கொண்டு கல்லூரிகளை நடத்தும் அரசுகளே, தரம் எங்கே என்று ஆசிரியரிடம் கேட்கின்றன.

மதிப்பீடே கூடாது என்பதல்ல நமது நிலை. மக்கள் பணத்தில் இயங்கும் நிறுவனம் மக்களுக்குப் பதில் சொல்லியே ஆகவேண்டும். ஆசிரியர், மாணவர் பிரதிநிதிகள் பங்கேற்கும் வெளிப்படையான மதிப்பீடு. காலிப் பணியிடங்களில் நிரந்தர நியமனம். மதிப்பெண்ணைச் சுயநிதி அனுமதியோடு பிணைக்கும் விதிகளின் நீக்கம்: இக்கோரிக்கைகளை ஆசிரியர், மாணவர் சங்கங்களோடு இணைந்து பெற்றோரிடமும் கொண்டு செல்வது தோழர்களின் கடமை.